தலையில் அடிபட்ட இளம் வீரர்: களத்திலிருந்து வகுப்பறைக்கும், வகுப்பறையிலிருந்து மீண்டும் களத்துக்கும்

சிறுவர் விளையாட்டில் கணுக்கால் பிசகினால் யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வீக்கமும் நொண்டலுமே ஆட்டத்தை நிறுத்திவிடும். மூளையதிர்ச்சி அப்படிப்பட்ட காயம் அன்று. ரத்தம் வராது, எலும்பு முறியாது, பெரும்பாலும் மயக்கம்கூட வராது. அடிபட்ட பிள்ளை எழுந்து, மண்ணைத் தட்டிவிட்டு, தன் இடத்தில் போய் நின்றுகொள்வான். மருத்துவர்கள் கன்கஷன் என்று குறிப்பிடும் இந்தக் காயத்தின்போது நினைவிழப்பவர்கள் பத்தில் ஒருவருக்கும் குறைவு என்பதை அறிந்தால், 'மயக்கம் போடவில்லையே, அப்புறம் என்ன?' என்ற கேள்வி எவ்வளவு ஆபத்தானது என்பது விளங்கும்.

இந்த வழிகாட்டி பயிற்சியாளர்கள், உடற்கல்வி ஆசிரியர்கள், பெற்றோர் ஆகியோருக்காக எழுதப்பட்டது. மருத்துவரின் இடத்தை இது நிரப்பாது. பிள்ளையை ஆட்டத்திலிருந்து வெளியேற்றும் முடிவை ஆட்டத்தின் சூட்டில் எடுக்கக் கூடாது என்பதே இதன் அடிப்படை. போட்டிப் பருவம் தொடங்கும் முன்பே அந்த முடிவை விதியாக எழுதி, சம்பந்தப்பட்ட அனைவரிடமும் கையெழுத்து வாங்கி வைத்திருந்தால், அடிபட்ட நிமிடத்தில் யாரும் வாதாட வேண்டியிருக்காது.

மண்டைக்குள் நடப்பது

மூளை, மண்டையோட்டுக்குள் திரவம் சூழ இருக்கிறது. ஓடும் பேருந்து சட்டென்று நின்றால் உள்ளே நிற்பவர்கள் முன்னால் தள்ளப்படுவதுபோல, தலை வேகமாக அசைந்து திடீரென நிற்கும்போதும் சுழலும்போதும் மூளை உள்ளே நகர்ந்து, அதன் நரம்பிழைகள் இழுபடுகின்றன. இதற்கு அடி தலையில்தான் விழ வேண்டும் என்பதில்லை. தோளிலோ மார்பிலோ பலமாக மோதினாலும், அந்த விசை கழுத்து வழியாகத் தலையை உலுக்கினால் போதும். கழுத்துத் தசைகள் இன்னும் வலுப்பெறாத, உடலோடு ஒப்பிடும்போது தலை பெரிதாக இருக்கும் சிறுவர்களுக்கு இந்த உலுக்கல் கூடுதலாகவே இருக்கும்.

இழுபட்ட நரம்புச் செல்களில் அயனிகளின் சமநிலை குலைகிறது. பொட்டாசியம் வெளியேறுகிறது, கால்சியம் உள்ளே புகுகிறது. அதைச் சரிசெய்யச் செல்களுக்கு வழக்கத்தைவிட அதிகச் சக்தி தேவைப்படும் அதே நேரத்தில், மூளைக்கான ரத்த ஓட்டம் குறைந்துவிடுகிறது. தேவை ஏறி, வரத்து இறங்கும் இந்த நெருக்கடிதான் தலைவலியாகவும் மந்தமாகவும் குழப்பமாகவும் வெளிப்படுகிறது. இது செயல்பாட்டில் ஏற்படும் கோளாறே தவிர, கட்டமைப்பில் கண்ணுக்குத் தெரியும் உடைசல் அல்ல, ஆகவே சி.டி. ஸ்கேனும் வழக்கமான எம்.ஆர்.ஐ.யும் பெரும்பாலும் இயல்பாகவே வரும். 'ஸ்கேன் நார்மல், நாளைக்கு விளையாடலாம்' என்று முடிவுகட்டும் பெற்றோர் கவனிக்க வேண்டிய செய்தி இது: ஸ்கேன் தேடுவது ரத்தக்கசிவையும் எலும்பு முறிவையும், மூளையதிர்ச்சி இல்லை என்று அது சான்று தருவதில்லை.

மூளை இந்த நெருக்கடியில் இருக்கும்போது இன்னோர் அடி விழுந்தால், அது லேசானதாக இருந்தாலும், குணமாகும் காலம் நீளும். மிக அரிதாக, குறிப்பாக இளம் வயதினரிடம், மூளை கட்டுக்கடங்காமல் வீங்கி உயிரே போகலாம். 1984 முதல் மருத்துவ உலகம் இரண்டாம் தாக்க நோய்க்குறி என்ற பெயரில் பேசிவருவது இதைத்தான். அரிதானது என்பதால் பயமுறுத்தப் பயன்படுத்தக் கூடாது. ஆனால் தடுக்கக்கூடியது என்பதால் மறந்துவிடவும் கூடாது.

முதல் படி: பருவம் தொடங்கும் முன்பே விதியை எழுதி வைத்தல்

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 2006இல், பந்தைக் கையில் ஏந்தி மோதி ஆடும் அமெரிக்கக் கால்பந்தைப் பள்ளி அணிக்காக ஆடிய 13 வயதான சக்கரி லிஸ்டெட் என்ற வீரரின் தலை, எதிரணி வீரரைத் தடுக்கையில் தரையில் மோதியது. சிறிது நேரம் வெளியே இருந்துவிட்டு அவர் மீண்டும் ஆடினார். ஆட்டம் முடிந்ததும் சரிந்து விழுந்தார். அவசர மூளை அறுவைச் சிகிச்சையில் உயிர் பிழைத்தாலும், பேசவும் நடக்கவும் மீண்டும் கற்க நெடுங்காலம் ஆனது. அவர் பெயராலேயே 2009இல் அந்த மாநிலம் இயற்றிய சட்டம் மூன்று கடமைகளை வைத்தது. ஆண்டுதோறும் வீரரும் பெற்றோரும் மூளையதிர்ச்சி பற்றிய தகவல் தாளைப் படித்துக் கையெழுத்திட வேண்டும்; சந்தேகம் வந்த உடனே வீரரை வெளியேற்ற வேண்டும்; பயிற்சி பெற்ற மருத்துவப் பணியாளர் எழுத்தில் அனுமதி தரும் வரை திரும்ப விடக் கூடாது. 2014க்குள் அமெரிக்காவின் 50 மாநிலங்களிலும் இளையோர் விளையாட்டுக்கான மூளையதிர்ச்சிச் சட்டம் வந்துவிட்டது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணம், 2013இல் ரக்பியில் அடுத்தடுத்துத் தலையில் அடிபட்டு உயிரிழந்த 17 வயது மாணவியின் நினைவாக, ரோவன் சட்டத்தை 2018இல் நிறைவேற்றியது.

உங்கள் பகுதியில் இப்படிச் சட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், இந்த மூன்று கடமைகளை ஒரு பக்கத் தாளில் எழுதி நடைமுறைப்படுத்த ஒரு சங்கத்துக்கோ பள்ளிக்கோ யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை. அந்தத் தாளில் நான்காவதாக ஒன்றையும் சேர்க்கச் சொல்வேன்: ஒவ்வொரு ஆட்டத்திலும், பயிற்சியிலும், சந்தேகம் எழுந்தால் முடிவெடுக்கும் நபர் யார் என்பது பெயரோடு இருக்க வேண்டும். அவர் தலைமைப் பயிற்சியாளராக இல்லாதிருப்பது நல்லது. வெற்றி தோல்வியோடு சம்பந்தமில்லாத ஒருவர், ஒரு பெற்றோராகவோ ஆசிரியராகவோ இருந்து, 'வெளியே' என்று சொன்னால் அதற்கு மேல்முறையீடு இல்லை என்று வைத்துக்கொண்டால், பயிற்சியாளருக்கும் நிம்மதி.

ஆளில்லாமல் ஆட வேண்டி வரும் என்ற பயமே பல பயிற்சியாளர்களைத் தயங்க வைக்கிறது. சர்வதேச கிரிக்கெட் கவுன்சில் 2019 ஆகஸ்ட் முதல், தலையில் அடிபட்டவருக்குப் பதிலாக முழு உரிமையுள்ள மாற்று வீரரை அனுமதித்துவருகிறது. அந்த மாதமே லார்ட்ஸ் டெஸ்டில் ஸ்டீவ் ஸ்மித்துக்குப் பதிலாக மார்னஸ் லபுஷேன் களமிறங்கினார். சிறுவர் போட்டிகளை நடத்துவோர் இதையே பின்பற்றி, தலைக்காயத்துக்கான மாற்று வீரரை, வழக்கமான மாற்றங்களின் எண்ணிக்கையில் சேர்க்காமல் அனுமதித்தால், எத்தனை விழிப்புணர்வுச் சுவரொட்டி ஒட்டினாலும் நடக்காத காரியம் நடக்கும்.

தடுப்பு பற்றியும் பருவத்துக்கு முன்பே பேசிவிட வேண்டும். ஹெல்மெட் மண்டை உடைவதையும் முகக் காயத்தையும் தடுக்கும்; அதற்காகவே அது கட்டாயம். ஆனால் உள்ளே மூளை நகர்வதை அதனால் நிறுத்த முடியாது. 'கன்கஷன் வராது' என்று விளம்பரம் செய்யும் தலைப்பட்டைகளுக்கும் விலை உயர்ந்த கவசங்களுக்கும் செலவழிப்பதைவிட, அளவு சரியான, விரிசல் இல்லாத, வார் இறுக்கப்பட்ட சாதாரண ஹெல்மெட் ஒன்றைப் பார்த்து வாங்குவது மேல். உண்மையில் பெரிய பலன் தந்திருப்பவை விதி மாற்றங்களே. 2022 அக்டோபரில் ஆம்ஸ்டர்டாமில் கூடி, 2023இல் அறிக்கை வெளியிட்ட சர்வதேச நிபுணர் குழு தொகுத்த சான்றுகளின்படி, சிறுவர் ஐஸ் ஹாக்கியில் உடலால் மோதித் தடுப்பதற்குத் தடை விதித்ததால் மூளையதிர்ச்சி 58 சதவீதம் குறைந்தது. அமெரிக்கக் கால்பந்தில் மோதல் பயிற்சியின் அளவைக் கட்டுப்படுத்தியதால், பயிற்சியின்போது ஏற்படும் மூளையதிர்ச்சி 64 சதவீதம் குறைந்தது. காலால் உதைத்து ஆடும் வழக்கமான கால்பந்தில் 10 வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்கள் பந்தைத் தலையால் முட்டுவதை அமெரிக்காவின் கால்பந்துக் கூட்டமைப்பு 2015இல் தடை செய்தது. இங்கிலாந்தில் தொடக்கப்பள்ளி வயதினருக்குப் பயிற்சியில் தலையால் முட்டக் கற்பிப்பது 2020இல் நிறுத்தப்பட்டது. பயிற்சியாளர் தன் வாரத் திட்டத்தை எடுத்துப் பார்த்து, மோதல் எந்தெந்தப் பயிற்சிகளில் தேவையின்றி நடக்கிறது என்று குறித்து, அவற்றைக் குறைப்பதே அவர் கையில் உள்ள தடுப்பு மருந்து.

இரண்டாம் படி: வீரர்களிடமே பேசுதல்

பிள்ளைகள் மறைப்பார்கள். அணியில் இடம் போய்விடும், கோழை என்பார்கள், அம்மா இனி விளையாடவே விடமாட்டார், இறுதி ஆட்டம் நாளை என்று எத்தனையோ காரணங்கள். அறியாமையால் சொல்லாதவர்களும் உண்டு. தலைவலிக்கும் அடிக்கும் தொடர்பு உண்டு என்று அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆகவே பேச்சு இரண்டையும் தொட வேண்டும்.

பயமுறுத்தும் படங்களைவிட, அவர்களுக்கு லாபமான ஓர் உண்மையைச் சொல்வது வேலை செய்யும். 2016இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், அடிபட்டதும் வெளியேறிய இளம் வீரர்கள் சராசரியாக 22 நாட்களில் குணமடைந்தார்கள். வலியை மறைத்துத் தொடர்ந்து ஆடியவர்களுக்கு 44 நாட்கள் ஆயின. பத்து நிமிடம் கூடுதலாக ஆடுவதற்கு மூன்று வாரத்தை விலையாகக் கொடுப்பது எந்த வீரனுக்கும் நல்ல கணக்கு அல்ல என்பதை அவர்கள் மொழியிலேயே சொல்லலாம்.

அடுத்து, தோழர்களின் பொறுப்பு. அடிபட்டவன் தன் நிலையைத் தானே சரியாக மதிப்பிட முடியாது, ஏனெனில் மதிப்பிடும் உறுப்பே அடிபட்டிருக்கிறது. பக்கத்தில் ஆடுபவன்தான் முதலில் கவனிப்பான். எனவே இருவர் இருவராக இணைத்து, ஒருவரையொருவர் கவனிக்கும் கடமையைக் கொடுத்து, 'சார், இவன் சரியில்லை' என்று சொல்வது காட்டிக்கொடுப்பது ஆகாது என்று பயிற்சியாளர் தன் வாயால், எல்லோர் முன்னிலையிலும் அறிவிக்க வேண்டும். சொன்ன பிள்ளையை அணியில் யாரேனும் கிண்டல் செய்தால் அன்றே கண்டிக்க வேண்டும். ஒருமுறை விட்டுவிட்டால் மறுமுறை யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

மூன்றாம் படி: அடிபட்ட அந்த நிமிடங்கள்

முதலில் பார்க்க வேண்டியது மூளையதிர்ச்சியை அன்று. அதைவிடப் பெரிய ஆபத்தை. கழுத்தில் வலி அல்லது தொட்டால் வலி, வலிப்பு, மயங்கி நினைவற்றுப் போதல், பார்வை இரண்டாகத் தெரிதல் அல்லது தெரியாமலே போதல், கை கால்களில் பலவீனம், மரத்தல் அல்லது எரிச்சல், திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் கடும் தலைவலி, நிமிடத்துக்கு நிமிடம் அதிகரிக்கும் குழப்பம் அல்லது மூர்க்கம், மண்டையில் தெரியும் பள்ளம் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். கழுத்தில் காயம் இருக்கலாம் என்று தோன்றினால், மூச்சுவிடத் தடை இருந்தாலொழிய, பிள்ளையைத் தூக்கவோ உட்கார வைக்கவோ கூடாது. ஹெல்மெட்டைக் கழற்றப் பயிற்சி இல்லாதவர் கை வைக்கக் கூடாது. பதற்றத்தில் நாலு பேர் சேர்ந்து தூக்கிக்கொண்டு ஓடுவது நல்லெண்ணத்தில் செய்யும் பெருந்தீங்கு.

இந்த ஆபத்து அறிகுறிகள் இல்லையென்றால், பிள்ளை எழுந்த விதத்தைக் கவனியுங்கள். ஒரு கோல்கீப்பர் எதிரணி வீரரின் முழங்காலில் மோதி விழுகிறான் என்று வையுங்கள். உடனே எழாமல் ஓரிரு விநாடி அசைவற்றுக் கிடக்கிறான். எழும்போது ஒரு கையைத் தரையில் ஊன்றி, கால்களை அகட்டி நிற்கிறான். இரண்டடி பக்கவாட்டில் தள்ளாடி கம்பத்தைப் பிடித்துக்கொள்கிறான். கண்கள் பந்தைத் தேடாமல் எங்கோ நிலைத்திருக்கின்றன. பிறகு தடுப்பாளனைப் பார்த்து, 'ஸ்கோர் என்னடா?' என்கிறான்; சொன்ன பிறகு, ஒரு நிமிடம் கழித்து, அதையே மறுபடி கேட்கிறான். இதற்கு மேல் எந்தச் சோதனையும் தேவையில்லை. அவன் வெளியே வர வேண்டும்.

பிள்ளைகள் மருத்துவ நூலின் சொற்களில் அறிகுறியைச் சொல்வதில்லை. 'ஒரு மாதிரியா இருக்கு சார்', 'தலை பாரமா இருக்கு', 'கிறுகிறுன்னு வருது', 'வெளிச்சம் கூசுது', 'சத்தம் தாங்க முடியல' என்பவைதாம் அவர்கள் சொல்லும் சொற்கள். குமட்டல், மங்கலான பார்வை, தூக்கக் கலக்கம், காரணமில்லாத அழுகை, வழக்கத்துக்கு மாறான எரிச்சல் ஆகியவையும் இதே பட்டியலில் சேரும்.

12 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் நினைவை உரசிப் பார்க்கச் சில எளிய கேள்விகள் உண்டு. 'தம்பி, இப்போ எந்த மைதானத்துல இருக்கோம்? இது முதல் பாதியா, இரண்டாம் பாதியா? கடைசியா கோல் போட்டது யாரு? போன ஆட்டம் யாரோட ஆடினோம்? அதுல ஜெயிச்சோமா?' ஒன்றுக்குத் தவறான பதில் வந்தாலும், தயங்கித் தடுமாறினாலும் சந்தேகம் உறுதியாகிறது. ஆனால் ஐந்துக்கும் சரியாகப் பதில் சொன்னால் பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்று பொருளல்ல. இந்தக் கேள்விகள் வெளியேற்றுவதற்கு மட்டுமே பயன்படும். உள்ளே அனுப்புவதற்குப் பயன்படா. களத்தோரத்தில் நடக்கும் தவறுகளில் பெரும்பங்கு இந்த வேறுபாட்டை மறப்பதால் வருவது.

அறிகுறிகள் கால் மணி நேரத்தில் மறைந்துவிட்டாலும் அன்று மீண்டும் ஆடக் கூடாது என்பதற்கு விலக்கே இல்லை. அறிகுறிகள் சில நிமிடங்கள் முதல் சில மணி நேரம் கழித்தும், சிலருக்கு மறுநாளும்கூடத் தலைகாட்டலாம். மூளையதிர்ச்சியை உறுதிப்படுத்துவது மருத்துவரின் வேலை. சந்தேகப்படுவது மட்டுமே பயிற்சியாளரின் வேலை. களத்தோரத்தில் மருத்துவர் இருந்தால் அவர் கையாள 13 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு ஸ்கேட் 6 என்றும், 8 முதல் 12 வயதினருக்குச் சைல்டு ஸ்கேட் 6 என்றும் தரப்படுத்திய மதிப்பீட்டுப் படிவங்கள் உள்ளன. மற்றவர்கள் பயன்படுத்த சிஆர்டி 6 என்ற எளிய அட்டை உண்டு. அதை அச்சிட்டு முதலுதவிப் பெட்டியிலேயே ஒட்டி வைக்கலாம்.

நான்காம் படி: முதல் மணி நேரங்களும் முதல் இரவும்

வெளியேற்றிய பிள்ளையைத் தனியே ஓய்வறைக்கு அனுப்பிவிட்டு எல்லோரும் ஆட்டத்தைப் பார்க்கத் திரும்பக் கூடாது. குறைந்தது முதல் மூன்று மணி நேரம் பொறுப்பான ஒருவர் கூடவே இருக்க வேண்டும். தனியாக வீட்டுக்கு அனுப்பவும் கூடாது, சைக்கிளோ வண்டியோ ஓட்ட விடவும் கூடாது. பெற்றோரிடம் ஒப்படைக்கும்போது, எத்தனை மணிக்கு, எப்படி அடிபட்டது, அதன்பின் என்னென்ன காணப்பட்டது என்பதை எழுதிக் கொடுங்கள். மருத்துவர் கேட்கப்போகும் முதல் கேள்வி இதுவே. பிள்ளைக்கு அது நினைவிருக்காது.

இரவில் தூங்கவே விடக் கூடாது, மணிக்கு ஒருமுறை எழுப்ப வேண்டும் என்ற பழைய அறிவுரை இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. மருத்துவர் பார்த்து, ஆபத்து அறிகுறி இல்லை என்று சொல்லிவிட்டால் பிள்ளை தூங்கலாம். தூக்கம் குணமாவதற்கு உதவும். எழுப்பிப் பார்க்கச் சொல்லி மருத்துவர் குறிப்பாகக் கூறினால் மட்டும் அப்படிச் செய்யலாம். எழுப்பினால் எழ மறுப்பது, மேலே சொன்ன ஆபத்து அறிகுறிகளில் எதுவும் புதிதாகத் தோன்றுவது ஆகியவற்றில் ஒன்றிருந்தாலும், நள்ளிரவானாலும் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

வலிக்கு மருத்துவர் அனுமதியோடு பாராசிட்டமால் தரலாம். ஆஸ்பிரினும் இபுப்ரூஃபன் போன்றவையும் ரத்தக்கசிவு இருந்தால் அதைக் கூட்டக்கூடும் என்பதால் தொடக்கத்தில் தவிர்க்கப்படுகின்றன. எந்த வலி மாத்திரையையும் 'போட்டுக்கொண்டு ஆடு' என்பதற்காகத் தரக் கூடாது. அது அறிகுறியை மறைக்குமே தவிர காயத்தை ஆற்றாது.

ஐந்தாம் படி: முதல் இரண்டு நாட்கள்

இருட்டறையில் படுத்தே கிடக்க வேண்டும் என்ற கருத்து இன்று கைவிடப்பட்டுவிட்டது. முதல் 24 முதல் 48 மணி நேரம் ஓரளவு ஓய்வு போதும். வீட்டுக்குள் நடமாடுவது, குளிப்பது, குடும்பத்தாரோடு பேசுவது, மெல்ல நடப்பது எல்லாம் செய்யலாம். கைப்பேசி, வீடியோ கேம் போன்ற திரை நேரத்தை மட்டும் இந்த இரண்டு நாளில் நன்றாகக் குறைக்க வேண்டும். தண்டனைபோல் நண்பர்களிடமிருந்து பிரித்து வாரக்கணக்கில் அடைத்து வைத்தால், சோர்வும் மனத்தளர்ச்சியும் சேர்ந்துகொண்டு, எது காயத்தின் அறிகுறி, எது அடைப்பின் விளைவு என்றே பிரித்தறிய முடியாமல் போய்விடும்.

ஆறாம் படி: வகுப்பறைக்குத் திரும்புதல்

பள்ளியா விளையாட்டா என்றால் பள்ளிதான் முதலில். முழுநேரப் படிப்பைத் தாங்க முடியாத மூளை, போட்டியையும் தாங்காது. முதலில் வீட்டில் 5 முதல் 15 நிமிடம் வரை படித்துப் பார்த்து, மெல்ல நேரத்தைக் கூட்ட வேண்டும்; பிறகு வீட்டிலேயே பாட வேலைகள்; பிறகு அரை நாள் பள்ளி; பிறகு முழு நாள். அறிகுறி லேசாகக் கூடிச் சற்று நேரத்தில் அடங்கினால் பரவாயில்லை. அடங்காவிட்டால் முந்தைய நிலைக்குத் திரும்ப வேண்டும். பெரும்பாலான பிள்ளைகளுக்கு நீண்ட விடுப்பு தேவைப்படாது.

ஆசிரியருக்கு இந்தக் காயம் கண்ணுக்குத் தெரியாது என்பதே இங்கே சிக்கல். கட்டுப் போட்ட கையோடு வரும் மாணவனை எழுதச் சொல்லாத அதே ஆசிரியர், மூளையதிர்ச்சியோடு வந்தவனைச் சோம்பேறி என்று எண்ணிவிடக்கூடும். ஆகவே பெற்றோர் தலைமையாசிரியரிடம் எழுத்துமூலம் சில சலுகைகளைக் கேட்டுப் பெற வேண்டும். ஜன்னல் வெளிச்சம் கண்ணில் அடிக்காத இருக்கை, பாடவேளைகளுக்கு இடையே அமைதியான இடத்தில் சிறிது ஓய்வு, அச்சிட்ட குறிப்புகள், குறைக்கப்பட்ட வீட்டுப்பாடம், தள்ளிவைக்கப்பட்ட தேர்வு, இரைச்சலான கூட்டங்களிலிருந்து விலக்கு ஆகியவை பொதுவாக உதவும். உடற்கல்வி வேளையும் இதில் அடங்கும் என்பதைத் தனியே குறிப்பிடுங்கள். போட்டியில் ஆட விடாமல் காத்த பிள்ளைக்கு, பள்ளியின் விளையாட்டு வேளையில் பந்து தலையில் படுவது நடக்கக்கூடியதே.

ஏழாம் படி: களத்துக்குத் திரும்பும் ஆறு நிலைகள்

ஆம்ஸ்டர்டாம் அறிக்கை வகுத்த ஏணி இது. ஒவ்வொரு நிலைக்கும் குறைந்தது 24 மணி நேரம். பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் அதைவிடக் கூடுதல் காலம் தேவைப்படும்.

முதல் நிலையில் நடை போன்ற அன்றாடச் செயல்கள் மட்டும். இரண்டாம் நிலையில் நிலையான சைக்கிள் அல்லது நடைப்பயிற்சி. முதலில் உச்ச இதயத் துடிப்பில் 55 சதவீதம் வரை, பிறகு 70 சதவீதம் வரை. தோராயமாக 220இலிருந்து வயதைக் கழித்தால் உச்சத் துடிப்பு கிடைக்கும். 15 வயதுப் பிள்ளைக்கு அது 205 என்றால், தொடக்கத்தில் நிமிடத்துக்கு 113 துடிப்பையும், பின்னர் 144ஐயும் தாண்டக் கூடாது. இந்த நிலைக்கு வர அறிகுறிகள் முழுதும் மறைந்திருக்க வேண்டியதில்லை என்பதே அண்மைய ஆண்டுகளில் ஏற்பட்ட பெரிய மாற்றம். 2019இல் வெளியான ஆய்வொன்றில், அடிபட்ட சில நாட்களிலேயே அறிகுறியைத் தூண்டாத அளவுக்கு ஏரோபிக் பயிற்சி செய்த இளையோரின் குணமாகும் காலம் 13 நாட்களாகவும், தசைகளை நீட்டும் பயிற்சி மட்டும் செய்தவர்களின் காலம் 17 நாட்களாகவும் இருந்தது. பயிற்சியின்போது அறிகுறி, பத்துக்கு இத்தனை என்று மதிப்பிடும் அளவில் இரண்டு புள்ளிக்கு மேல் ஏறினாலோ, ஒரு மணி நேரத்துக்குள் அடங்காவிட்டாலோ, அன்று நிறுத்திவிட்டு மறுநாள் முயல வேண்டும்.

மூன்றாம் நிலையில் அவரவர் விளையாட்டுக்கான ஓட்டமும் திசைமாற்றமும். ஆனால் அணியிலிருந்து விலகி, தலையில் எதுவும் படும் வாய்ப்பே இல்லாமல். தலையில் அடிபடும் வாய்ப்பு சிறிதேனும் உண்டென்றால், இந்த நிலைக்கு முன்பே மருத்துவரின் அனுமதி வேண்டும்.

நான்காம் நிலைக்குள் நுழையும் இடம்தான் வாசற்படி. அறிகுறிகள் எல்லாம் நீங்கி, உடலை வருத்தும் பயிற்சியிலும் அவை தலைகாட்டாமல், பிள்ளை முழுநேரப் பள்ளிக்குத் திரும்பிய பின்னரே மோதலில்லாத அணிப் பயிற்சி. ஐந்தாம் நிலையில், மருத்துவர் எழுத்தில் அனுமதித்த பிறகு, முழுமையான மோதல் பயிற்சி. ஆறாம் நிலை போட்டி. நான்கு முதல் ஆறு வரையான நிலைகளில் அறிகுறி திரும்பினால் மூன்றாம் நிலைக்கு இறங்கி, அறிகுறி முற்றும் நீங்கிய பிறகே மறுபடி ஏற வேண்டும்.

நாட்களை எண்ணி அவசரப்படுத்துவோர் இருப்பார்கள். மருத்துவ மேற்பார்வை அரிதாகவே கிடைக்கும் அடிமட்ட விளையாட்டுக்கென 2023இல் பிரிட்டன் வெளியிட்ட வழிகாட்டுதல், காயத்துக்குப் பின் 21ஆம் நாளுக்கு முன் போட்டியில் ஆடக் கூடாது என்றும், தலையில் அடிபடக்கூடிய பயிற்சிக்கு முன் 14 நாட்கள் அறிகுறியே இல்லாதிருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. உடன் மருத்துவர் இல்லாத சிறுவர் அணிகள் இந்தக் கடுமையான கணக்கையே எடுத்துக்கொள்வது சரி என்பது என் கருத்து.

பிள்ளையின் மனமும் தயாராக வேண்டும். உடல் குணமான பிறகும் மோதலுக்கு அஞ்சித் தலையைத் திருப்பிக்கொள்ளும் வீரர், அந்தத் தயக்கத்தாலேயே மீண்டும் காயப்படலாம். 'நீ ரெடியா?' என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்க வேண்டும்.

அறிகுறிகள் நீடித்தால், மறுபடி அடிபட்டால்

பெரும்பாலான பிள்ளைகள் நான்கு வாரத்துக்குள் குணமாகிவிடுவார்கள். அதைத் தாண்டியும் தலைவலி, தலைச்சுற்றல், தூக்கக் குறைவு, கவனச் சிதறல், மனச்சோர்வு ஆகியவை நீடித்தால் 'போகப்போகச் சரியாகும்' என்று காத்திராமல், இதில் அனுபவமுள்ள மருத்துவரிடம் செல்ல வேண்டும். கழுத்துக்கான இயன்முறைச் சிகிச்சை, சமநிலையையும் கண்ணசைவையும் சீராக்கும் பயிற்சிகள், மனநல ஆலோசனை என ஒவ்வோர் அறிகுறிக்கும் தனித்தனியான உதவி உண்டு. முதல் சில நாட்களில் அறிகுறிகள் எவ்வளவு கடுமையாக இருந்தன என்பதே நீண்ட காலம் எடுக்குமா என்பதை ஓரளவு காட்டும்.

ஒவ்வொரு நிகழ்வையும் தேதியோடு ஒரு ஏட்டில் பதிந்து, பிள்ளை அணி மாறினாலும் பள்ளி மாறினாலும் அந்தப் பதிவு கூடவே போகும்படி பார்த்துக்கொள்ளுங்கள். கிரிக்கெட்டில் ஒன்று, வீட்டு மாடிப்படியில் ஒன்று, சைக்கிளில் ஒன்று என்று மூன்று இடத்தில் நடந்தவை மூளைக்கு ஒரே கணக்கு; அவற்றைச் சேர்த்துப் பார்க்க அந்த ஏடு மட்டுமே இருக்கும். இத்தனை முறை அடிபட்டால் விளையாட்டை விட்டுவிட வேண்டும் என்று எல்லோருக்கும் பொருந்தும் எண் கிடையாது. இரண்டு காயங்களுக்கு இடையேயான காலம் சுருங்குவது, முன்னைவிட லேசான மோதலிலேயே அறிகுறி வருவது, குணமாக ஒவ்வொரு முறையும் கூடுதல் நாள் ஆவது ஆகிய மூன்றும்தான் மருத்துவர் எடைபோடுபவை. இவற்றில் ஒன்று தெரிந்தாலும், அடுத்த பருவத்துக்கான பெயர்ப்பதிவுக்கு முன்பே பிள்ளையையும் உடன் அமர்த்தி, மோதல் இல்லாத வேறு விளையாட்டுக்கு மாறுவது உட்பட எல்லா வழிகளையும் மருத்துவரோடு பேசிவிட வேண்டும்.